எட்டும் உயரம்

(தவளக்குப்பத்தில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காலையில் இங்கு வரும்போது கடலூர் சாலையோரத் தள்ளுவண்டிக் கடையில் இட்லி சாப்பிட்டேன். பக்கப் பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தால் நிழல். உள்ளே அடுப்பு, மேலே தட்டு. “வீட்டுக்காரரே செஞ்சது சார். என் கைக்கு எட்டுற மாதிரி பார்த்துத் தட்டு அடிச்சாரு” என்றார் கடைக்கார அம்மா.

அமெரிக்காவில் 1930களில் இப்படி ஒரு வண்டி பரவியது. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வது. பக்கவாட்டில் கண்ணீர்த்துளி வடிவம். உள்ளே இருவர் படுக்கலாம்; பின்மூடியைத் தூக்கினால் சமையலறை. கைவினை இதழ்களில் வந்த வரைபடத்தைப் பார்த்துப் பலரும் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். ஒட்டுப்பலகை 4 அடிக்கு 8 அடியாக விற்கப்பட்டதால் வண்டியின் அளவும் பெரும்பாலும் அதுவே.

அதே காலத்தில் நம் மண்ணிலும் ஒரு வண்டி புறப்பட்டது. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், 1931 அக்டோபர் 21 அன்று, மாட்டுவண்டி நூலகம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.இரங்கநாதனின் சிந்தனைக்கு வண்டி வடிவம் கொடுத்தவர் பொறியாளர் கனகசபை. வயலில் நிற்பவர் நூலகத்துக்கு வர இயலாது. நூலகம் அவரிடம் போகட்டும் என்பதே அதன் பொருள்.

இனி என் கதை. சென்ற ஆண்டுவரை எங்கள் பள்ளிப் புத்தக அலமாரியின் சாவி என் பையில்தான் இருந்தது. புத்தகம் கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரே புத்தகத்தை மூன்று முறை கேட்டாள். “அப்புறம் தருகிறேன்” என்றேன். தேர்வு முடிந்ததும் அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தப் புத்தகம் இன்றும் புதிதாகவே இருக்கிறது.

மேலவாசல் வண்டியைப் பற்றிப் படித்தபோது அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. உடைந்த பெஞ்சுப் பலகை, பழைய சைக்கிள் சக்கரங்கள் கொண்டு ஒரு புத்தக வண்டி செய்வோம் என்று எட்டாம் வகுப்பில் சொன்னேன். கணக்கு வராது என்று நான் ஒதுக்கியிருந்த மாணவன் எழுந்து, “சார், மூணாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு எவ்வளவு உயரம் எட்டும்?” என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் அளவுநாடாவுடன் அந்த வகுப்புக்கே போய்விட்டான். வண்டி அவன் எடுத்த அளவில்தான் நிற்கிறது.

இதுவரை நான்கு புத்தகங்கள் கிழிந்தன. பிள்ளைகளே ஒட்டினார்கள், நானும் பதிவேட்டில் எழுதிவிட்டேன். உங்கள் பள்ளி அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று நாளை ஒருமுறை பாருங்கள்.