பங்குனிப் பருவமும் பள்ளிப் பிள்ளைகளும்

(முதுகுளத்தூரில் கூடிய நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேசுமாறு பணிக்கப்பட்ட விஷயம், நடுநிலைப் பள்ளியில் வாசிக்கும் நம் சிறுவர் சிறுமியரின் கல்வியைப் பற்றியது. அதிலும் மாசி, பங்குனி மாதங்களில் அவர்கள் கற்பது யாது, அதனை வீட்டிலுள்ளோர் அறிந்துகொள்ளும் வழி யாது என்னும் இரண்டையுமே ஆராய விரும்புகிறேன். வேறு ஜில்லாக்களில் பங்குனி என்றால் பூவும் தென்றலும் நினைவுக்கு வரலாம். நம் சீமையிலோ பங்குனி என்றால் மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம். கண்மாயில் நீர் வற்றும் காலம். விறகு வெட்டிக் கரிமூட்டம் போடும் காலம். பிழைப்பைத் தேடி வெளியூர் புறப்படும் காலம். ஆகவே, பள்ளிக்கூடத்தில் பாடம் முற்றும் காலமும் வீட்டில் வேலை முற்றும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. நம் பிள்ளைகளின் கல்விக்கு நேரும் இடையூறு பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களிலேயே நேர்கின்றது.

தமிழ்நாட்டில் 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பருவ முறை கொண்டுவரப்பட்டது. ஓராண்டுப் பாடத்தை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பருவத்திலும் முடிப்பது அதன் நோக்கம். மூன்றாம் பருவம் மார்கழிக் கடைசியில் தொடங்கிச் சித்திரையில் முடிகின்றது. அதில் என்ன இருக்கிறது என்று பெற்றோரில் எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறோம்? 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் வகுப்பு அறிவியல் நூலின் மூன்றாம் பருவத்திலே நீரைப் பற்றி ஒரு பாடம்; சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு பாடம்; அன்றாட வாழ்வில் பயன்படும் தாவரங்களைப் பற்றி ஒரு பாடம். நீரைப் பற்றி முதுகுளத்தூர்ப் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடியது கொஞ்சமா? கண்மாய், வரத்துக்கால், மடை, கலுங்கு இவற்றின் வேலையைத் தாத்தாவும் அப்பத்தாளும் அறிவார்கள். உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதுவதை வீட்டுப் பெரியவர் கண்மாய்க் கரையில் நின்று காட்டலாம். எழுத்தறியாதவர் பிள்ளைக்குப் பாடம் சொல்ல இயலாது என்பது பொருந்தாத எண்ணம்.

இன்னொன்று சொல்லுகிறேன். நம் தாலுகாவைச் சேர்ந்த சித்திரங்குடிக் கண்மாயும் காஞ்சிரங்குளம் கண்மாயும் 1989-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டில் இவ்விரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஐப்பசி தொடங்கி மாசி வரையில் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் அங்குள்ள கருவேல மரங்களில் வந்து தங்குகின்றன. நீர் வற்றியதும் சென்றுவிடுகின்றன. அயல்நாட்டார் தேடிவந்து பார்க்கும் அந்தக் கண்மாய்களை, பக்கத்து ஊர்ப் பிள்ளை பாடமாகப் பார்த்ததில்லை என்றால் அது வருந்தத் தக்கதன்றோ? மிளகாயும் அப்படியே. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தில் காயப் போடும்போது பழத்தின் எடை எவ்வளவு, வற்றலான பின் எவ்வளவு, சண்டு எவ்வளவு கழிந்தது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். விகிதமும் சதவீதமும் அவனுக்குத் தாமே விளங்கும். ஆனால் மாலையிலே, பள்ளி விட்டு வந்த பின்னர்ச் செய்யச் சொல்லுங்கள். காலையிலேயே பழம் எடுக்க அனுப்பிவிட்டால் கணக்குமில்லை, பள்ளியுமில்லை.

சகோதரர்களே! வகுப்பில் கற்பது வீட்டுக்குத் தெரிந்தால் உண்டாகும் நன்மைக்கு, நம் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1931-ஆம் ஆண்டில் இராமேசுவரத்தில் பிறந்து, பின்னாளில் இந்நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கிய அப்துல் கலாம் அவர்கள், தம் இளமைக் காலத்தைப் பற்றித் தாமே எழுதியிருக்கிறார். அவர் ஐந்தாம் வகுப்பில் வாசிக்கும்போது, இராமேசுவரம் கோயிலின் தலைமைக் குருக்களாகிய இலட்சுமண சாஸ்திரியாரின் மகன் இராமநாதனோடு முன் பலகையில் அமர்வது வழக்கம். புதிதாக வந்த உபாத்தியாயர் ஒருவர், அந்தணப் பிள்ளையோடு முகம்மதியப் பிள்ளை அமர்வதைப் பொறாமல், அவரைக் கடைசிப் பலகைக்கு அனுப்பினார். சிறுவர் இருவரும் வருந்தினர். இருவரும் வீட்டுக்குச் சென்று நடந்ததை அவரவர் பெற்றோரிடம் சொன்னார்கள். சாஸ்திரியார் அந்த உபாத்தியாயரை அழைத்து, குற்றமறியாத குழந்தைகளின் மனத்தில் வேற்றுமை என்னும் நஞ்சைக் கலக்கலாகாது என்று கண்டித்தார், உபாத்தியாயரும் திருந்தினார்.

இந்த வரலாற்றிலே நாம் கருத வேண்டியவை இரண்டு. பிள்ளைகள் வீட்டில் வந்து சொன்னார்கள்; பெரியவர்கள் செவி கொடுத்தார்கள். தம் மகன் முன் பலகையில்தானே இருக்கிறான், நமக்கென்ன என்று சாஸ்திரியார் வாளாவிருக்கவில்லை. தம் பிள்ளைக்கு நேர்ந்த தீங்கைக் கேட்பவர் பலர். பிறர் பிள்ளைக்கு நேர்ந்ததைக் கேட்பவரே பெரியோர். அதே பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை பறக்கும் விதத்தைப் பலகையில் வரைந்து விளக்கியும் பிள்ளைகளுக்கு விளங்காமையால், அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளையே காட்டிக் கற்பித்தார். அந்த ஒரு பாடமே தம் வாழ்க்கையின் திசையைக் காட்டிற்று என்று கலாம் அவர்கள் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

இனி நம் நிலைமையைப் பார்ப்போம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையைத் தகப்பனார், “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்கிறார். அவன், “படித்தேன், ஐயா” என்கிறான். அத்தோடு விசாரணை முடிந்தது! தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையில் எந்தப் பிள்ளையையும் தோல்வி என்று நிறுத்தி வைப்பதில்லை. சிறு பிள்ளைகள் மனமுடைந்து பள்ளியை விட்டு நீங்காதிருப்பதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆயினும் பெற்றோராகிய நாம், வகுப்பு ஏறினான், ஆதலால் கற்றுக்கொண்டான் என்று எண்ணிவிடுகிறோம். ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கவும், ஒரு வகுத்தல் கணக்கைப் பிழையின்றிப் போடவும் இயலாத பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போய்த் திகைக்கின்றது, வெட்கப்படுகின்றது, பிறகு பள்ளிக்குப் போக மறுக்கின்றது. “அவனுக்குப் படிப்பு ஏறவில்லை” என்கிறோம். ஏறவில்லை என்பது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தால் திருத்தியிருக்கலாம் அல்லவா?

அப்படித் தெரியப்படுத்துவது ஆசிரியரின் தயவு அன்று. சட்டம் அவர்க்கு விதித்த கடமை. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறமை, கல்வியில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றை அறிவிக்கவேண்டும் என்கிறது. 21-ஆவது பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே தாய்மார்களே, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் குழுவிலே உங்களுக்கு இருக்கும் ஆசனம் ஒருவர் மனமிரங்கித் தந்ததன்று. அக்கூட்டத்துக்குச் சென்று வாய் திறந்து கேளுங்கள். “என் மகள் எத்தனை நாள் வரவில்லை? எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறாள்? நான் வீட்டில் என்ன செய்யவேண்டும்?” என்னும் மூன்று கேள்விகள் போதும்.

செய்தி ஒருபுறமாகவே போகலாகாது. வீட்டிலிருந்தும் பள்ளிக்குச் செல்ல வேண்டும். தகப்பனார் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார், தாய்க்கு உடம்பு சரியில்லை, பிள்ளை அம்மாச்சி வீட்டில் இருக்கிறது என்பவற்றை ஆசிரியர் அறிந்தால், மந்தமாயிருக்கும் பிள்ளையை அதட்டமாட்டார், அரவணைப்பார். குடும்பத்தோடு வெளியூர் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, பிள்ளை வேறு பள்ளிக்கு மாறக் கேட்டால் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தரவேண்டும். அது வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளியார் சேர்க்க மறுத்தலும் கூடாது. ஆகவே ஊர் மாறினால் படிப்பு போயிற்று என்று கருதவேண்டாம்.

நடுநிலை வகுப்புகளின் அருமையைப் பலர் உணர்வதில்லை. அரசாங்கம் அளிக்கும் சில சலுகைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரையில் அரசுப் பள்ளியில் வாசித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. அவ்வாறு வாசித்த மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் 2020-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் தெரிந்தெடுக்கப்பெறும் ஏழைப் பிள்ளைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையில் ஆண்டுக்கு ரூ. 12,000 வருகின்றது, நான்காண்டில் ரூ. 48,000 ஆகின்றது. பங்குனியில் ஒரு பெண் குழந்தை பழம் எடுத்துக் கொண்டுவரும் கூலியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலாபம் எது, நஷ்டம் எது என்பதை வியாபாரம் அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமோ?

எட்டாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. நடுநிலைப் பள்ளி ஊரிலே இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்து ஏறவேண்டும். இந்தச் சிறு தூரமே பல பெண்களின் கல்விக்கு எல்லைக் கல்லாகிவிடுகின்றது. நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போனால் தூரம் குறையும், துணையும் உண்டாகும். அந்த நால்வரும் நம்மவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

கடைசியாக, சிலருக்குக் கசப்பாயிருக்கினும் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லுகிறேன். இது ஒரு சாதிச் சங்கம். நம்மவர் கைதூக்கி நம்மவரை உயர்த்துவதில் பிழையில்லை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துச் சேர்த்துச் சத்திரிய வித்தியாசாலையை நடத்திய சமூகத்தாரை நாம் புகழ்கிறோம். காமராஜர் அங்கே வாசித்தவர். சங்கம் என்றால் அவ்வாறு பள்ளிக்கு அரிசி கொடுக்கவேண்டும். பள்ளிக்குள் பகை கொண்டுபோகலாகாது. 1957-ஆம் ஆண்டில் இந்த முதுகுளத்தூர் வட்டாரத்தில் மூண்ட கலவரத்தில் எத்தனை உயிர்கள் மாண்டன, எத்தனை குடிசைகள் எரிந்தன என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நெருப்பின் சாம்பல் பிள்ளைகளின் புத்தகப் பையில் இருக்கவேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான், வெட்டியவர்களும் மாணவர்களே. அதன்பின் அரசாங்கம் நியமித்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூன் மாதத்தில் அளித்த அறிக்கையில், மாணவர் கையில் சாதிக்குறியாக நிறக்கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்று கூறிற்று. அக்கயிற்றைப் பிள்ளையின் கையிலிருந்து அவிழ்க்கவேண்டியவர் ஆசிரியர் அல்லர். கட்டினது வீடு, வீடே அவிழ்க்கவேண்டும். அதனை முதலில் சொல்லத் தக்க இடம் இத்தகைய சங்க மேடையே.

ஆகவே சபையோர்களே, நம் சங்கத்தார் ஐந்து காரியங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதலாவது, மாசி, பங்குனி மாதங்களில் பள்ளி நேரத்தில் எந்தப் பிள்ளையையும் களத்துக்கோ கரிமூட்டத்துக்கோ அனுப்புவதில்லை. ஆள் குறைந்த வீட்டுக்கு மற்ற வீட்டார் கைமாற்று வேலை செய்து உதவுவது. இரண்டாவது, மாதம் ஒருமுறை தாயோ தந்தையோ பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் காண்பது. மூன்றாவது, வெளியூர் போகிறவர் தம் தொலைபேசி எண்ணையும், பிள்ளைக்குப் பொறுப்பாயிருக்கும் உறவினர் பெயரையும் ஆசிரியரிடம் எழுதிக் கொடுப்பது. நான்காவது, எட்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், சிறப்பாகப் பெண் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் சேரும்வரை சங்கம் பின்தொடர்ந்து விசாரிப்பது. ஐந்தாவது, நம் வீட்டுப் பிள்ளை கையில் நிறக்கயிறு இல்லாமல் பள்ளிக்குச் செல்வது.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனமும் கொஞ்சம் நேரமுமே வேண்டும். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பிள்ளையை அருகிலே அழைத்து, அந்த மூன்றாம் பருவப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். தடுமாறினால் அதட்டாமல், நாளைக் காலையில் ஆசிரியரிடம் சென்று சொல்லுங்கள். தடையின்றி வாசித்தால் மகிழ்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.