மறைத்த உண்மையும் உடன்பிறப்பும்



பாரத யுத்தம் முடிந்து, இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யும் வேளையில், கர்ணனுக்கும் நீர் வார்க்குமாறு குந்தி தருமரைக் கேட்கின்றாள். அவன் உங்கள் மூத்தோன் என்கின்றாள். பெற்ற வெற்றி அக்கணமே தருமருக்குக் கசந்து போகின்றது. பழிக்கு அஞ்சி மறைத்த ஒரு செய்தி, தமையனைத் தம்பியின் அம்புக்கு இரையாக்கிற்று.

நம் இல்லங்களிலும் ஆற்றில் விட்ட பேழைகள் உண்டு. தந்தையின் குடிவெறி, தாய் பட்ட அடி, உறவினர் ஒருவர் பிள்ளைக்குச் செய்த தீங்கு ஆகியவற்றைக் குடும்ப மானம் கருதி மூடிவிடுகின்றோம். பிள்ளைகள் வளர்கின்றனர். அண்ணன் ஊரைவிட்டு நீங்குகின்றான், தங்கை வாய் திறப்பதில்லை, தம்பி குடிக்கின்றான். காணிப் பிணக்கென்று ஊர் சொல்லும், வேர் வேறு.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 9,508 பேரை வினாவி 1998 இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் இளமையில் இத்தகைய துன்பமொன்றையேனும் கண்டிருந்தனர். நான்கு வகையோ அதற்கு மேலோ கண்டவர்க்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகமாயிருந்தது.

தருமருக்குக் குந்தி சொன்னது காலம் கடந்த உண்மை. நாம் உடன்பிறந்தார் உயிரோடிருக்கையிலேயே பேசுவோம். சொல்பவரைப் பழியாது கேட்போம். இன்று ஒரு பிள்ளை துன்புறுவதை அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிப்போம். மானம் காப்பது மௌனமன்று.