தோலுக்கு ஈடாகுமா செயற்கைச் சவ்வு?

பருத்திக் காட்டில் மருந்து தெளிக்கும் தொழிலாளி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்கிறார். முதுகில் சுமக்கும் தொட்டி கசிந்து சட்டை நனைவதை அவர் பொருட்படுத்துவதில்லை. நஞ்சு வாய் வழியாகவே உடலுக்குள் புகும் என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. 2017 ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் தெளிப்பு வேலை செய்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூச்சைப் போலத் தோலும் நஞ்சுக்கு ஒரு வாயில்தான்.

அந்த வாயிலின் காவல், தோலின் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான ஒரு மெல்லிய படலம். பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே. செங்கற்களுக்கிடையே சாந்து போல, உயிரணுக்களுக்கிடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் நிரம்பியுள்ளன. கொழுப்பில் ஓரளவு கரையும் சிறு மூலக்கூறுகள் இச்சாந்தின் வழியே நுழைந்துவிடும். பூச்சிக்கொல்லிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இதனை அளக்கும் கருவி எளியது. 1975 இல் ஃபிரான்ஸ் என்னும் விஞ்ஞானி விவரித்த கண்ணாடிக் கலத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தோல் பொருத்தப்படுகிறது. மேலே இரசாயனப் பொருள், கீழே கரைசல். தோலின் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்தப்படும். குறித்த நேரங்களில் கீழறை நீரைச் சோதித்தால், ஊடுருவிய அளவு தெரியும்.

இடர்ப்பாடு தோலைப் பெறுவதில்தான். மனிதத் தோல் எளிதில் கிட்டாது. ஆளுக்கு ஆள் வேறுபடும். எலியின் தோலோ பொதுவாக மனிதத் தோலைவிட மிகுதியாக உள்ளே விடுவது. ஆகவே சிலிக்கோன் படலமும், கொழுப்பு ஊட்டிய சவ்வும் பயன்பாட்டிற்கு வந்தன. செராமைடை ஒத்த சேர்மங்கள் கொண்ட சவ்வை 96 குழிகளுள்ள தட்டில் அமைத்து, ஒரே வேளையில் பல கலவைகளைச் சோதிக்கலாம். ஒரே நஞ்சு எந்தக் கரைப்பானில் விரைந்து நுழைகிறது என்று ஒப்பிட இதைவிட மலிவான வழி அரிது. (கரைப்பான் சவ்வையே அரித்துவிட்டால் கணக்குப் பிழையாகும் என்பதையும் மறத்தலாகாது.)

ஆயினும் சவ்வுக்கு அக்குள் இல்லை. பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியை மனிதத் தன்னார்வலர் மீது மிகச் சிறு அளவில் தடவி ஆராய்ந்த முடிவுகள் 1971 இல் வெளியாயின. முன்னங்கையில் சுமார் 9 சதவீதம் உட்புகுந்தது. அக்குளில் 64 சதவீதம்! சவ்வு வியர்ப்பதில்லை, முள் கீறிய காயமும் அதற்கில்லை. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2004 இல் வகுத்த சோதனை நெறி, மனிதத் தோலையோ விலங்குத் தோலையோ கேட்கிறது.

இந்தியாவில் 1968 ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம், மனிதருக்கும் விலங்குகளுக்கும் தீங்கில்லை என்பதை ஆராய்ந்தே மருந்தைப் பதிவு செய்யுமாறு விதித்தது. ஆய்வறிக்கையைப் படிக்கும் அதிகாரி ஊடுருவிய சதவீதத்தை மட்டும் பார்த்தல் போதாது. சோதித்தது தோலையா, சவ்வையா? எத்தனை மணி நேரம்? நீர்த்த கலவையை மட்டுமா, அன்றி, தொழிலாளி வாளியில் வெறுங்கையால் கலக்கும் செறிந்த மருந்தையுமா?