மருந்தும் ஓர் அமானிதமே

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

செல்போன் கதிர்வீச்சையும், அதற்கு மருந்தென்று விற்கப்படும் மூலிகை மாத்திரைகளையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஓதிக்கொடுக்கும் ஆலிமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். வேலை இருக்கிறது. அது என் பிழையிலிருந்தே தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி ஜும்ஆவுக்கு வந்தார். கருஞ்சீரகமும் வேறு சில மூலிகைகளும் சேர்ந்த மாத்திரைக் குப்பிகள் அவரிடம் இருந்தன. டவரிலிருந்து வரும் கதிர்கள் உடலைக் கெடுக்கின்றன என்றும், இம்மாத்திரை அவற்றை முறிக்கும் என்றும், இது நபிவழி மருத்துவம் என்றும் கூறினார். 'நபிவழி' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசலில் விற்க இசைந்தேன். நம் மஹல்லாவின் முதியவர் ஒருவர் அதை வாங்கி, சர்க்கரை நோய்க்கு உண்டுவந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் பட்ட காயம் ஆறாமல், மலையிறக்கி மதுரைக்குக் கொண்டுசெல்லும் நிலை வந்தது. அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான். பார்க்கச் சென்ற என்னிடம் அவர் சொன்னது ஒன்றே: "ஹஜரத், பள்ளிவாசல்ல வச்சு வித்தாங்களேன்னுதான் நம்பி வாங்கினேன்."

அன்றிலிருந்து இதைப் பற்றி அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைப்பது என் மீது கடமையாகிறது.

செல்போன் அலைகள் வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை. எக்ஸ்ரே கதிர்களைப் போல உடலின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஐயமின்றி அறியப்பட்ட விளைவு, உடல் திசுவைச் சற்றே சூடேற்றுவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இவ்வலைகளை '2பி' என்னும் வகுப்பில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு, ஆனால் சான்று போதாது என்பதே அதன் பொருள். அதே நிறுவனத்தின் வேண்டுகோளின்படி பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வெளியான மதிப்பீடு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது. ஆகவே எச்சரிக்கை நன்று, பீதி வேண்டாம்.

எச்சரிக்கைக்குப் பணம் செலவில்லை. நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல், ஒரு கிலோ உடல் திசு உள்வாங்கும் ஆற்றல் 1.6 வாட்டுக்கு மேற்படாத கைபேசிகளையே விற்க வேண்டும் என்பது விதி. *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகளில் அந்த அளவு தெரியும். சிக்னல் குறைந்த இடத்தில் கைபேசி தன் சக்தியைக் கூட்டி அலைகளை அனுப்புகிறது. நம் மலைச்சரிவுகளிலும் பள்ளத்துத் தோட்டங்களிலும் நிகழ்வது இதுவே. எனவே சிக்னல் கிடைக்கும் மேட்டிற்கு வந்து பேசுங்கள். காதை விட்டு விலக்கி ஸ்பீக்கரில் பேசுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து உறங்காதீர்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். அலைகள் செல்களில் தீய மூலகங்களை உண்டாக்குகின்றன, மூலிகைச் சத்து அவற்றை அணைத்துவிடும் என்பது விற்பவர்களின் வாதம். எலிகளிடம் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. மனிதர்களைக் கதிர்வீச்சின் தீங்கிலிருந்து இவை காக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

நம் தோட்டத்துக் கேரட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் நிறத்திற்குக் காரணமான பீட்டா கரோட்டின் நல்ல சத்து. அதை மாத்திரையாக்கி, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வில் பலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: அம்மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவிகிதம் கூடியது. கேரட் செய்யாத தீங்கை அதன் சத்து மாத்திரை செய்தது. நம் மலைப்பூண்டும் அப்படியே. குழம்பில் அது உணவு. செறிவூட்டிய மாத்திரையாக, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர் விழுங்கினால் இரத்தக் கசிவுக்கு வழியாகலாம்.

இன்னொரு வியப்பு: கற்றாழையின் முழு இலைச் சாறும், ஜிங்கோ என்ற மர இலையின் சாறும் அந்த முகமையின் அதே '2பி' வகுப்பில்தான் இருக்கின்றன. நோய் என்று அஞ்சியதும் மருந்து என்று வாங்கியதும் ஒரே பட்டியலில்!

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நாம் அதை நம்புகிறோம். ஆனால் 'எல்லா நோய்க்கும்' என்ற பொதுச்சொல் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதும் என்று இமாம் கத்தாபி (ரஹ்) போன்ற முன்னோர்கள் விளக்கியுள்ளார்கள். அன்றியும், நோயுற்ற ஸஅத் (ரலி) அவர்களை ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லுமாறு அண்ணலார் பணித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற எச்சரிக்கையும் அதே நூலில் உண்டு. இவையும் நபிவழி மருத்துவமே. ஒன்றை எடுத்து மற்றவற்றை விட்ட வியாபாரியைவிட, அவற்றை ஓதியிருந்தும் மறந்த நானே குற்றவாளி.

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. சத்து மாத்திரைக் குப்பியில் 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று' என்று அச்சிட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஜமாஅத்தார்களே! மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். பள்ளிவாசல் வளாகத்தில் இனி எந்த மருந்தும் விற்கப்படக் கூடாது. நானே இசைந்தாலும் தடுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். மூலிகை உண்பதாயின் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்வதற்கு வெட்கப்பட்டுத்தான் பலர் துன்பத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். மக்கள் இந்தப் பள்ளிவாசல் மீது வைத்திருக்கும் நம்பிக்கையும் அமானிதமே. இரண்டையும் பேணும் நற்பேற்றை அவன் நமக்கு அருள்வானாக. அந்த முதியவருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. என் பிழையை மன்னிப்பானாக. ஆமீன்!

வஸ்ஸலாம்.