பிள்ளை யாருக்குச் சொந்தம்?

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டில் அடுப்புக்கூட மூட்டாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் பேச்சை நீட்ட மாட்டேன். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒரு கேள்வியை மட்டும் வைத்துப் பேசுகிறேன். பெற்ற பிள்ளை யாருக்குச் சொந்தம்?

பெற்றவளுக்குத்தானே என்பீர்கள். ஆனால் 1662ஆம் ஆண்டு வேர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. அப்போது அது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளை தகப்பனின் நிலையைப் பெறும். இந்தச் சட்டம் அதைத் தலைகீழாக மாற்றியது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி என்றது. அடிமைப் பெண்ணைக் கெடுத்த எஜமான் தனக்குப் பிறந்த பிள்ளையையே சொத்துக் கணக்கில் சேர்க்கலாம், விற்கவும் செய்யலாம். அடிமைகளின் கலியாணத்தையும் சட்டம் ஏற்கவில்லை. புருஷனை ஓரிடத்துக்கும் பெண்சாதியை வேறிடத்துக்கும் விற்றால் கேட்க நாதியில்லை.

இதையெல்லாம் அனுபவித்த ஒரு பெண் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் ஹரியட் ஜேக்கப்ஸ். 1813இல் வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிறு பட்டினத்தில் அடிமையாகப் பிறந்தவர். பருவ வயதிலேயே எஜமானான வைத்தியர் அவரைத் தொந்தரவு செய்யத் தொடங்கினார். அந்த ஆளிடம் சிக்காதிருக்க வேறொரு வெள்ளைக்காரரோடு பழகினார். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. சட்டப்படி அந்தப் பிள்ளைகளும் அடிமைகளே. அவர்களைப் பெருந்தோட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1835இல் தலைமறைவானார். தான் ஓடிப்போனால் பிள்ளைகளை விற்றுவிடுவார்கள், தகப்பன் வாங்கிக்கொள்வார் என்பது அவருடைய கணக்கு. அது பலித்தது. பிள்ளைகள் ஹரியட்டின் பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தாய் எங்கே இருந்தாள்? அதே வீட்டில்தான். கொட்டகைக் கூரையின் அடியில் 9 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள ஒரு பொந்து. உயரமான இடத்திலும் 3 அடிதான். நிமிர்ந்து நிற்க முடியாது. வெயில், குளிர், மழை ஒழுக்கு, எலி, பூச்சி. அங்கே ஏறக்குறைய 7 வருடம் கிடந்தார். துறப்பணத்தால் பலகையில் சின்னத் துளைகள் போட்டு, வீதியில் விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்ப்பார். அவர்களின் குரல் கேட்கும். கூப்பிட முடியாது.

1842இல் கப்பலேறி வடக்கே தப்பினார். 1852இல் அவருடைய நலனில் அக்கறை கொண்ட ஒரு பெண் 300 டொலர் கொடுத்து அவரை விடுவித்தார். தன்னை இன்னுமொரு தடவை பொருளாக விற்றுவிட்டார்களே என்ற கசப்பு ஹரியட்டுக்கு இருந்தது. 1861இல் புனைபெயரில் தன் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். பிற்காலப் படிப்பாளிகள் பலர் அதை அவர் எழுதியதென்று நம்பவில்லை. புத்தகத்தைத் திருத்திக் கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி கட்டிய கதை என்றார்கள். 1980களில்தான் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, அது ஹரியட்டின் எழுத்தே என்று நிரூபித்தார்.

இன்னொரு தாய் மார்கரெட் கார்னர். 1856 ஜனவரியில் உறைந்து கிடந்த ஓஹயோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து தப்பினார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, அடிமையாகத் திரும்புவதைவிடச் சாவதே மேல் என்று தன் சின்ன மகளைக் கொன்றார். அவர்மேல் கொலைவழக்கு நடத்துவதா, எஜமானின் உடைமையாகத் திருப்பி அனுப்புவதா என்று வாதம் நடந்தது. திருப்பித்தான் அனுப்பினார்கள். இந்தச் சம்பவத்தை வைத்தே டோனி மொரிசன் 1987இல் ‘பிலவட்’ நாவலை எழுதினார். 1993இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் பலர் முதலில் செய்தது, விற்கப்பட்ட தாயையும் பிள்ளையையும் தேடியதுதான். பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுத் தேடினார்கள். சேர்ந்து வாழ்ந்தவர்கள் கலியாணத்தைப் பதிவு செய்தார்கள்.

ஆனால் குடும்பம் ஒன்றாக இருக்கக் கூலி வேண்டும். வெள்ளைக்காரர் வீட்டில் சமையலுக்குப் போனால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அங்கேதான். சொந்தப் பிள்ளையை யார் பார்ப்பது? அதனால் துணி வெளுக்கும் வேலையைப் பலர் விரும்பினார்கள். மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வெளுக்கலாம். கூலிதான் மிகக் குறைவு.

1881 ஜூலையில் அட்லாண்டா நகரில் 20 சலவைப் பெண்கள் ஒரு கோவிலில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 12 இறாத்தல் துணிக்கு ஒரு டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் 3000 பேர். சில வெள்ளைக்காரச் சலவைப் பெண்களும் சேர்ந்தார்கள். சிலரைப் பிடித்துத் தண்டம் போட்டார்கள். ஒவ்வொரு சலவைக்காரியும் வருடம் 25 டொலர் அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று நகரசபை மிரட்டியது. “கட்டுகிறோம், ஆனால் கூலியை நாங்கள்தான் தீர்மானிப்போம்” என்ற கருத்தில் அவர்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். நகரசபை அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

போராட்டம் அதோடு முடியவில்லை. 1935இல் வந்த முதியோர் காப்புறுதிச் சட்டமும் தொழிற்சங்க உரிமைச் சட்டமும் தோட்டந்துரவில் வேலை செய்பவர்களையும் வீட்டு வேலைக்காரரையும் ஒதுக்கி வைத்தன. கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொழிலைச் சொல்லியே வெளியே விட்டுவிட்டார்கள்.

தோழர்களே, நம்மை யாரும் ஏலத்தில் விற்கவில்லை. அவர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்றென்று சொல்வது நியாயமல்ல. ஆனாலும் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணன் இந்தியாவிலும் தங்கை இங்குமாகப் பிரிந்த வீடுகள் நம்மிடம் உண்டு. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறும் தாய்க்கு அந்தச் சலவைப் பெண்களின் கவலை விளங்கும்.

அதனால் இரண்டு காரியம் கேட்கிறேன். ஏதாவது சட்டமோ ஒப்பந்தமோ வந்தால், அதில் எந்தத் தொழிலாளி விடுபட்டிருக்கிறாள் என்று முதலில் பாருங்கள். அடுத்தது, அப்பாயியும் அம்மாயியும் சொல்லும் கதைகளைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வையுங்கள். யாருடைய கதை, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று பெயரோடு எழுதுங்கள். ஹரியட்டின் எழுத்தை ஹரியட்டுடையதென்று நிரூபிக்க நூறு வருடத்துக்கு மேல் சென்றது. நம் கிழவிகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.