உள்ளதை உள்ளபடி சொல்வது டிரான்சிஸ்டரே!

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து, ஏற்கெனவே ஜெயித்துவிட்டதுபோல் முறுவலித்துக் கொண்டிருக்கும் நண்பர்களே! 217 அடி ராஜகோபுரம் நிமிர்ந்து நிற்கும் இந்தத் திருவண்ணாமலையில், பனியையும் பொருட்படுத்தாமல் கூடியிருக்கும் பெருமக்களே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! நீங்கள் முதலில் அடுப்பை அணைச்சுட்டு வாங்க, நான் காத்திருக்கேன். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஒரு கணக்குப் போட்டார். "இது அக்கினித் தலம். வால்வுக்குள்ளே நெருப்பு இருக்கு. ஆகவே தீர்ப்பு வால்வுக்கே" என்றார். நல்லவேளை, விறகடுப்பா கேஸ் அடுப்பா என்று தலைப்பு வைக்கவில்லை! அதோடு விட்டாரா? "அம்மையாருக்கு இஸ்திரிப் பெட்டி தெரியும், சாலிடரிங் அயர்ன் தெரியுமா?" என்றும் கேட்டார். ஐயா, எங்கள் வீட்டில் இஸ்திரி போடுவது அவர்தான். சாலிடர் வைப்பது நான். (பலத்த கைதட்டல்)

வால்வு என்றால் என்ன? காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு கம்பி சிவக்கச் சூடேறும். அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் ஆவிபோல் கிளம்பி, எதிரே உள்ள தகட்டுக்குப் பாயும். நடுவில் ஒரு வலை. ஏரிக்கு மதகு மாதிரி. மதகைக் கொஞ்சம் அசைத்தால் போதும், வெள்ளமே கூடும், குறையும். மைக்கில் வந்த சின்ன ஓசை, ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கிற ஓசை ஆவது இப்படித்தான். 1904-ல் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வு செய்தார். 1906-ல் டி ஃபாரஸ்ட் அதற்குள் அந்த மதகை வைத்தார். 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதே மதகை ஒரு கெட்டியான படிகத்துக்குள் வைத்தார்கள். சூடும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். அதுதான் டிரான்சிஸ்டர்.

இதில் எதிரணி சொன்ன ஒன்று உண்மை. மறைக்க மாட்டேன். மதகின் அளவை மீறி ஓசையைத் திணித்தால், வால்வு பணிவாக வளைந்து கொடுக்கும். வளையும்போது கூடவே ஒரு சுரத்தைச் சேர்க்கும். பெரும்பாலும் அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. கீழே 'ஸ' பாடினால், மேலே இருந்து இன்னொரு 'ஸ' மெல்லத் துணை பாடும். காதுக்கு இதமாகத்தான் இருக்கும்! டிரான்சிஸ்டரில் அளவை மீறினால் அலையின் தலையை அரிவாளால் சீவியதுபோல் வெட்டிவிடும். அப்போது கிளம்புகிற சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. கரகரக்கும்.

அதேபோல் ஆரம்பகால டிரான்சிஸ்டர் பெட்டிகள் மோசம்தான். அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும், கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கும். சேருகிற இடத்தில் ஒரு சிக்கல். கல்யாணச் செலவைச் சம்பந்திகள் பாதிப் பாதி ஏற்றுக்கொண்ட கதைதான். சமையல்காரர் பணம் கேட்கும்போது, "அவங்க தருவாங்கன்னு இருந்தேன்" என்று ரெண்டு பேரும் சொல்வார்கள். நடுவில் ஒரு ஓட்டை! (சிரிப்பு) அந்த ஓட்டைதான் காதில் உறுத்தியது. பிற்பாடு அதை அடைத்துவிட்டார்கள். ஆனால் கெட்ட பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாமியார் வீட்டில் முதல் நாள் உப்புக் கூடின சாம்பார் மாதிரி.

சரி, அளவுக்குள் வைத்துக் கேட்டால்? 1978-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை. குவாட் கம்பெனியின் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று வால்வு, இரண்டு டிரான்சிஸ்டர். எது ஒலிக்கிறது என்று சொல்லாமல், பழகிய காதுக்காரர்களை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னார்கள். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை! 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. 1985-ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற பொறியாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்முடைய டிரான்சிஸ்டர் பெட்டியைத் திருத்தித் திருத்தி, அதே குரலில் பேச வைத்தார். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களே வேறுபாடு காண முடியாமல் திகைத்தார்கள். அப்படியென்றால் வால்வின் இனிமை என்பது டிரான்சிஸ்டரும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒப்பனை. வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் கழுவலாம். வால்வுக்கு அது முகத்திலேயே ஒட்டிக்கொண்டது.

கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் கைநழுவிப் போன பிள்ளையின் பெயரை, 12 வோல்ட் பேட்டரியில் கத்திச் சொன்னது எது என்று கேட்டு ஓட்டு வாங்கமாட்டேன். தலைப்பு இனிமை. அதிலேயே நிற்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்த காலத்து ரேடியோ. சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. அரை நிமிஷம் யோசிக்கும். பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும். அப்புறம்தான் இலங்கை வானொலி. அதன் முதுகில் கிராமபோன் செருகும் ஓட்டை ஒன்று உண்டு. அதில் கேசட் பெட்டியை இணைத்துவிட்டேன். 1986-ல் அப்பா, அண்ணாமலையார் மேல் தேவாரம் பாடினதைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தோம். அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. 1988-ல் தவறிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தீபத்துக்கும் அந்த ரேடியோ வழியாகத்தான் அவர் பாடுவார். வெல்லப்பாகு மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து நிற்பார்கள்.

1999-ல் அந்த ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போச்சு. தேரடித் தெருவில் ஒரு கடைக்காரத் தம்பி, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் சின்ன ட்வீட்டரும் வைத்துப் பெட்டி செய்து கொடுத்தார். அதே கேசட்டைப் போட்டோம். அப்பா பாடினார். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் ஒரு சத்தம். ஒரு விசில் மாதிரி. கேசட் கெட்டுப் போச்சோ என்று நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நிறுத்தாதேடி. அது உங்கப்பா இழுக்கிற மூச்சு."

தவிட்டுத் தூசு, பெருமக்களே. முப்பது வருஷம் மில்லில் சுவாசித்த தூசு. ராத்திரி ராத்திரி அந்த இழுப்பைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவர் அம்மா. பிள்ளைகள் நாங்கள் பாட்டைத்தான் கேட்டோம். பதினொரு வருஷமாக அந்தப் பழைய ரேடியோ எங்களுக்கு வெல்லப்பாகை ஊற்றி, மூச்சை மறைத்துவிட்டது. பழி முழுக்க வால்வுடையது என்று சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கும், பெரிய காகித ஸ்பீக்கருக்கும் அதில் பங்கு உண்டு. கீச்சென்ற மெல்லிய ஓசைகளை அவை விழுங்கிவிடும். ஆனால் எதிரணி இனிமை இனிமை என்று கொண்டாடுகிற அந்தக் கதகதப்பு, அந்த மொத்தப் பெட்டியின் குரல்தானே?

பக்கத்து வீட்டு அக்கா, "பழைய ரேடியோவில்தான் நல்லா இருந்துச்சு" என்றார்கள். அவர்களுக்கு அது சரி. அம்மா அன்றைக்கு மூன்று தடவை ரீவைண்ட் பண்ணச் சொன்னார்கள். பாட்டுக்காக இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இதோ முடித்துவிட்டேன். அந்த நாடா இற்றுப் போகுமென்று பயந்து, 2009-ல் என் மகன் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். "அம்மா, நடுவில் வர்ற இரைச்சலை எடுத்துடட்டுமா, ஒரு பட்டன்தான்" என்று கேட்டான். வேண்டாம்னு சொல்லிட்டேன்.

(நீண்ட கைதட்டல்)