கிரெய்ன் வந்தது, பாட்டியின் கண்கள் வரவில்லை

பழைய கருப்பு வெள்ளைப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மணல் தூவியது போலிருக்கும். அதுதான் கிரெய்ன். பிலிமிலுள்ள வெள்ளித் துகள்கள் திரண்டு நிற்பதால் வருவது. பலருக்கு அது குறை. நானோ அதற்காகவே பிலிம் வாங்குகிறவள்.

மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா படித்த காலத்தில் ஜப்பானியர் டைடோ மோரியாமாவின் படங்களில் மயங்கினேன். 1968-இல் தொடங்கிய 'புரோவோக்' சஞ்சிகையில் இரண்டாம் இதழ் முதல் சேர்ந்தவர் அவர். சொரசொரப்பு, அசைவு, மங்கல், இவைதான் அந்தக் குழுவின் அடையாளம்.

நானும் அப்படி எடுக்கப் புறப்பட்டேன். தோட்டத்து வீட்டுத் திண்ணையில் பாட்டியை அமர வைத்து, 400 வேகப் பிலிமை 1600 என்று கணக்கிட்டு, வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தேன். டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டேன். கிரெய்ன் வந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். பிலிமில் விழாத வெளிச்சத்தை எந்த மருந்தும் கொண்டுவராது. அடுத்த ஆண்டு பாட்டி இல்லை.

இருட்டில் வேறு வழியில்லாதபோது அந்த முறை சரி. கிரெய்னுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுங்கள். டிரை-எக்ஸ், எச்பி5 போன்ற 400 வேகப் பிலிமே போதும். டெவலப்பரை மாற்றுங்கள். டி-76 போன்றவற்றிலுள்ள சல்பைட் துகளின் ஓரத்தைக் கரைத்து மென்மையாக்கிவிடும். 1891-இல் வந்த ரோடினால் அப்படிக் கரைப்பதில்லை. 10 மில்லி மருந்து, 250 மில்லி தண்ணீர், 20 டிகிரி, எச்பி5-க்கு 6 நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியைத் தொடும், ஐஸ் கட்டி தயாராக இருக்கட்டும்!

பிறகு பெரிதாக்குங்கள். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் முழுவதையும் 12 அங்குலத் தாளில் போட்டால் சுமார் எட்டரை மடங்கு. அதில் கால் பகுதியை மட்டும் அதே தாளில் போட்டால் 17 மடங்கு. துகளும் அவ்வளவு பெரிதாகும். கான்ட்ராஸ்ட் கூடிய தாள் அதை இன்னும் எடுத்துக் காட்டும். பிடிக்கவில்லையென்றால் வேறு தாளில் மறுபடி போடலாம், நெகட்டிவ் பத்திரமாக இருக்கும்.

அந்தச் சுருளின் கடைசிப் படத்தில் பாட்டி எழுந்து வெயில் பக்கம் திரும்பியிருந்தார். முகம் நெகட்டிவில் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அதை மட்டும் பெரிதாக்கினேன். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டவில்லை, கூட்டினால் கண் மறுபடியும் கறுத்துவிடும்.

"என்னம்மா, அம்மா மூஞ்சியில மணலக் கொட்டி வச்சிருக்க?" என்றார் அப்பா. வரவேற்பறையில் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.